மாதிரி வீட்டுப் புத்தர்

எங்கள் வீட்டுக்கும் சங்கமித்ராவின் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நான் திரும்பி வந்து காப்பித் தம்ளரைக் கையில் எடுப்பதற்குள் அந்தப் பக்கம் பீரோ நகரும் சத்தம் தொடங்கிவிடும். போன வாரம் ஜன்னலோரம் போன பீரோ இந்த வாரம் கதவோரம் வரும். கட்டில் வடக்கே போகும், மறுபடி தெற்கே வரும். பெங்களூரு மர்ஃபி டவுனில் எங்கள் வரிசை வீடுகள் எதுவுமே ஒன்றரை அறைக்கு மேல் கிடையாது. அந்த ஒன்றரை அறைக்குள் இத்தனை திசைகள் இருப்பதே அவளால்தான் எனக்குத் தெரிய வந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சுவரைத் தட்டிக் கத்திவிட்டேன்.

"உனக்கு இன்னாதாண்டி வேணும்?"

"கண்ணு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது பெர்னா. எங்க பாத்தாலும் ஏதோ ஒண்ணு தொங்குது!" என்று பதிலுக்கு அவளும் கத்தினாள்.

என் பெயர் பெர்னதெத். ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் பில் போடுகிறேன். எனக்கு வீடு என்றால் படுக்க இடம், துணி என்றால் கசங்காத சுடிதார். சங்கமித்ராவும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவளுக்கு இந்தப் பித்து எங்கிருந்து பிடித்தது என்று எனக்கும் தெரியாது, அவளைப் பெற்ற காந்தா ஆன்ட்டிக்கும் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போது கொரியத் தொடர்களைப் பார்க்க ஆரம்பித்தாள். நாங்கள் எல்லோரும் கதாநாயகனைப் பார்த்தோம். இவள் அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். கதாநாயகி அழுதால் நாங்களும் அழுவோம். இவள் வீடியோவை நிறுத்தி, அந்தப் பெண்ணின் சட்டைக் கை தோளில் எப்படிச் சேர்கிறது என்று படம் வரைவாள்.

அப்புறம் ஜப்பான் வந்தது. சிவாஜிநகரில் கட் பீஸ் துணி வாங்கி வந்து, பொத்தானே இல்லாமல், இடுப்பில் பக்கவாட்டாக நாடா கட்டுகிற மேலங்கி தைத்துக்கொண்டாள். கை மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். நீலம், சாம்பல், காய்ந்த புல் நிறம், இவ்வளவுதான் அவளுடைய உலகத்து வண்ணங்கள். "இன்னாடி இது, ஆபரேஷனுக்குப் போற மாதிரி?" என்றார் ஆன்ட்டி. தெருப் பையன்கள் சைனாக்காரி என்று கூப்பிட்டார்கள். "ஜப்பான்டா, ஜப்பான்!" என்று திருத்திவிட்டு அவள் பாட்டுக்குப் போவாள். கோபமே வராது. வேறு எந்த விஷயத்துக்காவது இப்படிப் பொறுமையாக இருந்திருப்பாளா என்று கேட்டால், இல்லை.

சாப்பாட்டு மேஜைக் கதையைச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. வீட்டில் இருந்த ஒரே மர மேஜையின் நான்கு கால்களையும் முழங்கால் அளவுக்கு ரம்பத்தால் அறுத்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். பீன்யாவில் லேத் பட்டறையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்த அவள் அப்பா அசோகன் அங்கிள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேஜையை வெகுநேரம் பார்த்தார்.

"குந்தினா எழுப்பி விடறது யாரு?" என்றார்.

அவருக்கு அதற்கு மேல் கோபப்படத் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று, வாதாடுவது. அந்த வீட்டில் டி.வி.க்கு மேலே, கை எட்டுகிற உயரத்தில் ஒரு பலகை அடித்து, அதில் புத்தர் சிலை வைத்திருக்கிறார்கள். தங்கப் பெயிண்ட் அடித்த பிளாஸ்டர் சிலை. சுற்றி மினுக்கு விளக்கு. புத்தர் சாமி இல்லை, மனுஷன், அவரைக் கும்பிடக் கூடாது, அவர் சொன்னபடி நடக்க வேண்டும் என்று அங்கிள் யார் கிடைத்தாலும் வாதாடுவார். ஆன்ட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தினமும் காலையில் ஒரு தம்ளர் தண்ணீரும் நாலு வெள்ளைப் பூவும் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். பௌர்ணமியன்று வெள்ளைச் சேலை. சிலை உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே இருக்க வேண்டும், அதற்கு நேராகக் கால் நீட்டக் கூடாது, பாத்ரூம் சுவர்ப் பக்கம் வைக்கக் கூடாது. இதெல்லாம் ஆன்ட்டியின் சட்டம். சங்கமித்ரா வீட்டில் எல்லாவற்றையும் நகர்த்தினாள், அந்தப் பலகையை மட்டும் தொட்டதில்லை. மினுக்கு விளக்கைப் பார்க்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

வைட்ஃபீல்டில் ஓர் உள் அலங்கார நிறுவனத்தில் அவளுக்கு ரிசப்ஷன் வேலை. அதிதி என்ற பெண் நடத்துவது, சின்ன நிறுவனம்தான். சங்கமித்ரா போனை எடுத்துக் குட் மார்னிங் சொல்லிக்கொண்டே உள்ளே இருக்கும் டிசைனர்களின் மேஜைகளை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே வருஷங்கள் போயின. டிசைன் படித்த சர்டிபிகேட் இல்லை, பி.காம்.தான். ஆனால் வாடிக்கையாளர் வந்து உட்காரும் இடத்தில் ஒரு நாற்காலி கோணலாக இருந்தால் எழுந்து போய்த் திருப்பி வைத்துவிட்டுத்தான் வருவாள். அதிதி அதைக் கவனித்திருக்கிறாள். அவள் கெட்டவள் இல்லை, இதை நான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஒரு புது அடுக்குமாடிக்காரர்கள், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு மாதிரி வீட்டை அலங்கரித்துத் தரச் சொன்னார்கள். ஏஷியன் தீம் வேண்டும் என்றார்கள். அதிதி நேராக ரிசப்ஷனுக்கு வந்து, "நீ பண்ணு. நல்லா வந்துச்சுன்னா நீ ஸ்டைலிஸ்ட். இந்த சீட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்று அவளுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

அன்றைக்கு சங்கமித்ரா மெட்ரோவில் உட்காரவே இல்லையாம். காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாளாம். வீட்டுக்கு வந்தும் உட்காரவில்லை. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்குமாக நடந்தாள். "பெர்னா, பெரிய ஹாலு. எதுவுமே தொங்கல. வெறும் செவுரு!" வெறும் சுவருக்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த சில வாரங்கள் அவளும் தூங்கவில்லை, எங்களையும் தூங்க விடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே மூங்கில் திரையைப் பற்றிப் பேசினாள். தாழ்ந்த சோஃபா, காகித விளக்கு, வெளுத்த மரம், ஒரே ஒரு மண் ஜாடியில் ஒரே ஒரு குச்சி. "குச்சிக்கு இலை கூடக் கெடையாதா?" என்று கேட்டேன். என்னை அவள் பார்த்த பார்வையில் நான் பில் போடத்தான் லாயக்கு என்று எழுதியிருந்தது.

ஹாலுக்கு நடுநாயகமாக ஒன்று வேண்டும் என்று ஒரு புத்தர் சிலை வாங்கினாள். ஒன்றரை அடி, கருங்கல் நிறம், மூடிய கண். தங்கப் பெயிண்ட் இல்லை, மினுக்கு விளக்கு இல்லை. அதைச் சுவரில் ஒரு மாடம் மாதிரிச் செய்து, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே வரும்படி வைத்தாள். மேலேயிருந்து மெல்லிய வெளிச்சம். கீழே ஒரு பித்தளைத் தட்டில் தண்ணீர், அதில் நாலு வெள்ளைப் பூ. சோஃபாவை அந்தப் பக்கம் கால் நீளாதபடி திருப்பிப் போட்டாள். போனில் படம் அனுப்பினாள். எனக்கே நன்றாக இருந்தது. அதிதி கைதட்டினாளாம்.

பிறகு ஜனங்கள் வீடு பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள்.

யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே எட்டிப் பார்த்ததும் தாமாகக் கழற்றினார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குசுகுசுவென்று பேசினார்கள். சோஃபாவில் ஒருவரும் உட்காரவில்லை. சமையலறை இழுப்பறையைத் திறந்து பார்க்கவில்லை. சதுர அடி என்ன விலை என்று கேட்கவில்லை. ஒரு பெரியவர் பித்தளைத் தட்டில் பத்து ரூபாய் போட்டுவிட்டுப் போனார். விற்பனை பார்க்கிற மஞ்சுநாத் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஜனா கை முகிது ஹோக்பிடுத்தாரெ மேடம்!" என்று கன்னடத்தில் புலம்பினார். கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்களாம். வீடு வாங்க வந்தவர்கள் புண்ணியத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினால் அவர் பாவம் என்ன செய்வார்.

சங்கமித்ராவுக்கு விளங்கவே இல்லை. அவள் வைக்க நினைத்தது ஜப்பான். அவள் கை வைத்தது ஆன்ட்டியின் பலகை. அந்த உயரம், அந்தத் தண்ணீர், அந்த நாலு பூ, எல்லாம் தன் வீட்டிலிருந்து வந்தவை என்று அவளுக்கே தெரியவில்லை. நான் படத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் போனையும் டி.வி.க்கு மேலே இருந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதிதி அதற்கு எளிதாக வழி சொன்னாள். "ஸ்டாட்யூவ கெஸ்ட் பாத்ரூமுக்கு மாத்திடு. வாஷ் பேசின் பக்கத்துல, ஒரு செடியோட. ஸ்பா ஃபீல் வரும். எல்லாரும் பண்றாங்க." உண்மைதான், எல்லோரும் செய்கிறார்கள். ஹோட்டல்களில் நானே பார்த்திருக்கிறேன். அதிதிக்கு அது ஒரு அழகான கல், அவ்வளவுதான். வேறொன்றும் அவள் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் எனக்குப் போன் வந்தது. பில்லுக்கு வரிசை நிற்கிறது.

"பெர்னா, வச்சுட்டேன்."

"எங்க?"

"அவங்க சொன்ன எடத்துலதான்."

"ஆன்ட்டிக்குத் தெரிஞ்சா?"

"திங்கக்கெழம லெட்டர் தர்றேன்னு சொல்லிருக்காங்க பெர்னா. ஸ்டைலிஸ்ட்னு. நாலு நாளு. அதுக்கப்பறம் நான் மாத்திப்பேன்."

அவள் குரல் சரியில்லை. தொண்டையில் மாத்திரை சிக்கினவர்கள் பேசுவது போல இருந்தது. எனக்கு அவள்மேல் ஆத்திரமும் வந்தது, பரிதாபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் ஒரு கிழவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் இரத்தக் கொதிப்பு மாத்திரைக்குப் பில் போட்டு, அவரிடம் திட்டு வாங்கினேன்.

லெட்டர் விஷயம் ஆன்ட்டிக்கும் தெரியும். தொல்லை என்னவென்றால், மகள் செய்த வீட்டைப் பார்க்க ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமை வருவதாக முன்பே முடிவாகியிருந்தது. அங்கிளுக்கு ஷிப்ட், அதனால் துணைக்கு நான். சங்கமித்ரா ஒரு கணக்குப் போட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடு பார்க்க யாரும் வரமாட்டார்கள், அதிதியும் இருக்கமாட்டாள். அப்போது சிலையை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டு, அம்மா பார்த்துப் போனதும் மறுபடி மாற்றிவிடலாம். நாங்கள் பஸ்ஸில், வைட்ஃபீல்டு நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வருவோம் என்று நினைத்துவிட்டாள். ஆன்ட்டிக்கோ பொறுமை இல்லை. ரோஸ் கலர் சில்க் காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு விடிந்ததிலிருந்து வாசலில் நின்றுவிட்டு, "பஸ்ஸு வாணாம், மெட்ரோல போய்டலாம் வா" என்று என்னை அல்சூர் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போய்விட்டார்.

நான் வழி நெடுக மெசேஜ் அனுப்பினேன். கிளம்பிட்டோம். இந்திராநகர் தாண்டியாச்சு. சீக்கிரம் மாத்து. ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. இறங்கியதும் "ஆன்ட்டி, எளநீ குடிக்கலாமா?" என்றேன். "வேணாம்மா, ஏற்கெனவே வயிறு முட்டிக்கினு இருக்குது, போய்தான் பாத்ரூம் போணும்" என்றார்.

மாதிரி வீட்டில் இரண்டு குடும்பங்கள் வீடு பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பையன் சோஃபாவில் குதித்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் சமையலறை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பார்த்தாள். வியாபாரம் சூடு பிடித்திருந்தது. அதிதியும் அங்கேயே இருந்தாள். மாடத்தில் இப்போது அந்த ஒற்றைக் குச்சி ஜாடி நின்றது. கருநீல மேலங்கியில் சங்கமித்ரா யாருக்கோ மூங்கில் திரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

ஆன்ட்டி பார்க்கவில்லை. அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. "எம் பொண்ணு பண்ணதா இதெல்லாம்?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். ஒரு மகளுக்கு இதைவிட வேறென்ன சர்டிபிகேட் வேண்டும். அடுத்த நிமிஷமே, "பாத்ரூம் எங்கடி?" என்றார்.

"கீழ போலாம் ஆன்ட்டி, கீழ பெருசா இருக்கும்" என்று நான் உளறினேன். அவர் அதற்குள் சரியான கதவைக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டார். நகரத்தின் பாதி அலுவலகங்களில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவருக்கு எந்தக் கதவு பாத்ரூம் என்று தெரியாதா.

சங்கமித்ரா திரையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

தண்ணீர்ச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கதவு உடனே திறந்தது. ஆன்ட்டி வெளியே வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார். இரண்டு கையாலும் அந்தக் கருங்கல் நிறப் புத்தரை, பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். முகத்தில் கோபம் இல்லை. நெருப்பில் ஏதோ விழுந்து கிடந்ததைப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தவர் போன்ற அவசரம்தான் இருந்தது. பையன் குதிப்பதை நிறுத்தினான்.

அதிதி திரும்பிப் பார்த்தாள். "சங்கமித்ரா, யாரு இவங்க? ஹவுஸ்கீப்பிங்கா? எதுக்கு அத எடுக்கறாங்க?"

ஆன்ட்டி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதை அங்கே வைத்தது யார், ஏன் வைத்தாள், திங்கட்கிழமை என்ன வரப்போகிறது, எல்லாம். சங்கமித்ரா வாயைத் திறப்பதற்குள் ஆன்ட்டியே முந்திக்கொண்டார். அதிதியைப் பார்த்து லேசாகக் குனிந்து, தடங்கலில்லாத கன்னடத்தில் சொன்னார்.

"ஹௌது மேடம். தூளு ஒரெஸ்தித்தே."

ஆமாம் மேடம், தூசு துடைத்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். சொல்லிவிட்டு, சிலையோடு மறுபடியும் பாத்ரூம் பக்கம் திரும்பினார்.

தினமும் பூ வைத்துக் கும்பிடுகிறவர், தன் கையாலேயே கொண்டுபோய் அங்கே வைக்கப் போகிறார், மகளின் வேலைக்காக. சங்கமித்ரா சும்மா நின்றிருந்தால் அவளோடு அன்றைக்கே பேச்சை முறித்திருப்பேன், சத்தியமாக.

அவள் நிற்கவில்லை. திரையை அப்படியே விட்டாள், அது தடதடவென்று விழுந்தது. ஓடிப்போய்ச் சிலையின் அடியில் கை கொடுத்துப் பிடித்தாள்.

"மேடம், இவங்க ஹவுஸ்கீப்பிங் இல்ல. எங்கம்மா. இது நாங்க வீட்ல கும்பிடறது. அங்க வச்சது நான்தான். இனிமே அங்க வைக்க மாட்டேன்."

அதிதி ஒன்றும் புரியாமல் விழித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சங்கமித்ரா அம்மாவின் கையிலிருந்து சிலையை வாங்கி, ஜாடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மாடத்தில் ஏற்றினாள். அந்த நேரத்திலும், வெளிச்சம் முகத்தில் விழவில்லை என்று லேசாகத் திருப்பி வைத்தாள் பாருங்கள், அதுதான் சங்கமித்ரா. சமையலறையிலிருந்த பெண் இழுப்பறையை மெதுவாக மூடினாள். இரண்டு குடும்பமும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிப் போய்விட்டது.

ஸ்டைலிஸ்ட் வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், இழுத்தடித்துச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. சந்தாபுராவிலிருந்து வந்த, சர்டிபிகேட் உள்ள ஒரு பையனுக்கு அதைக் கொடுத்தார்கள். சங்கமித்ரா இன்னமும் அதே ரிசப்ஷனில் குட் மார்னிங் சொல்கிறாள், வேறு இடங்களுக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் துள்ளுகிறாள்.

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. லிஃப்டில் மூன்று பேரும் இறங்கினோம். ஆன்ட்டிதான் முதலில் வெடித்தார்.

"வாயத் தொறக்கச் சொன்னாங்களாடி உன்ன? நான்தான் சமாளிச்சேன் இல்ல? ரெண்டு நாளு பாத்ரூம்ல இருந்தா அவரு கோச்சிக்குவாரா? உங்கப்பா கணக்குல அவரு சாமியே இல்ல!"

"நீ ஏம்மா அப்படிச் சொன்ன?"

"இன்னா சொன்னேன்? அந்த வேலை பாத்துதாண்டி உன்ன படிக்க வச்சேன். பொய்யா அது? இன்னொரு தபா கேட்டாலும் அதேதான் சொல்லுவேன்."

"கேட்டா நானும் இதேதான் சொல்லுவேன்."

சங்கமித்ரா அழ ஆரம்பித்தாள். இரண்டு ஆளுக்குப் போதுமான அந்தக் கையால் மூக்கைத் துடைத்தாள். ஆன்ட்டி அவளை முறைத்துக்கொண்டே நின்றார். பிறகு இடுப்பில் செருகியிருந்த தலைப்பை எடுத்து அவள் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. சங்கமித்ராவும் நானும் வெளியே வந்தோம். ஆன்ட்டி மட்டும் உள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா ஆன்ட்டி?"

"நான் இன்னும் பாத்ரூமே போவலடி. அவரு அங்க ஒக்காந்துகினு இருக்கும்போது எப்படிப் போவேன்?"

கீழே பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்க சங்கமித்ரா செக்யூரிட்டியிடம் ஓடினாள்.